ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டாமா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. போடுவதை அளப்பதில் நம் சர்க்கார்கள் குறை வைப்பதில்லை. எத்தனை கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது, எத்தனை நிலையங்கள் திறக்கப்பட்டன, எத்தனை லட்சம் வாலிபர்கள் தொழிற்பயிற்சி பெற்று அத்தாட்சிப் பத்திரம் வாங்கினார்கள் என்று மந்திரிகள் சட்டசபையில் புள்ளி விவரங்களை அடுக்குகிறார்கள். போட்டதனால் விளைந்தது என்ன என்று கேட்டால்தான் சபை நிசப்தமாகி விடுகிறது.

இந்த நிசப்தத்திற்கு இரண்டு கட்சியார் பொறுப்பாளிகள். ஏழைகளுக்காகச் செய்யும் செலவு தர்மம், தர்மத்திற்கு லாப நஷ்டக் கணக்குப் பார்ப்பது வியாபார புத்தி என்பது ஒரு கட்சியாரின் வாதம். இத்தகைய செலவு முழுவதும் விரயம் என்று கணக்கைப் பாராமலே தீர்ப்புச் சொல்லிவிடுவது மற்றொரு கட்சியாரின் வழக்கம். இரு கட்சியாரும் ஒரு விஷயத்தில் மாத்திரம் ஒற்றுமைப்படுகிறார்கள். இருவருக்கும் சாட்சியம் தேவையில்லை. வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இந்த முறை ஒவ்வாது. ஏழையின் பெயரால் செலவிடப்படும் பணத்திற்குப் பலன் கேட்பது ஏழைக்கு விரோதமான செய்கையன்று. அதுவே அவனுக்குக் கவசம் என்பது நமது அபிப்பிராயம். அதற்குரிய ஆதாரங்களை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

தலைகளை எண்ணுவது கணக்காகாது

2015-ம் வருஷம் ஜூலை மாதத்தில் இந்திய சர்க்கார் பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்தைத் தொடங்கியபோது 24 லட்சம் இளைஞர்களுக்குப் பயிற்சியளிப்பது என்று இலக்கு வகுத்தனர். மறு வருஷத்தில் அது 4 வருஷ காலத்தில் 1 கோடிப் பேர், 12,000 கோடி ரூபாய் என்று விரிந்தது. நோக்கத்தின் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் இலக்கு எந்த அளவுகோலால் எழுதப்படுகிறதோ, வேலையும் அந்த அளவுகோலுக்குத் தக்கபடியே நடக்கும் என்பது நிர்வாக அனுபவமுள்ள யாவரும் அறிந்தது. தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால் தலைகள் வந்து சேரும். பயின்றவனுடைய கூலி உயர்ந்ததா என்று கேட்டுப் பணம் கொடுத்தாலன்றி அவனுடைய கூலியைப் பற்றி யாரும் கவலை கொள்ளமாட்டார்கள்.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு ஜில்லாவில் 100 பேர் தையற் பயிற்சி பெற்றனர். தலைக்கு 15,000 ரூபாய் செலவாயிற்று. வருஷ முடிவில் அவர்களில் 60 பேர் வேலையில் அமர்ந்திருந்தனர் என்று வைத்துக் கொள்வோம். ஒரு வேலைக்கு 25,000 ரூபாய் செலவு என்று அறிக்கை எழுதப்படும். ஆனால் அதே ஊரில், அதே வயதும் படிப்பும் உடையவர்களாய், பயிற்சியே பெறாத 100 பேரில் 50 பேருக்குத் தம் முயற்சியாலேயே வேலை கிடைத்திருந்தால் என்ன சொல்வது? பயிற்சியால் விளைந்தவை 60 வேலைகளல்ல, 10 வேலைகளே. ஒவ்வொரு வேலைக்கும் உண்மையில் ஆன செலவு 1,50,000 ரூபாய். திட்டம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்கு விடை கூறாத கணக்கு, பிரதிவாதியை விசாரியாமல் கொடுக்கப்பட்ட எக்ஸ்பார்ட்டி டிக்ரியைப் போன்றது. அதற்கு மதிப்பு அவ்வளவே.

பயிற்சிக்கு முன் எவ்வளவு சம்பாதித்தான், பின் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஆர்லி ஆஷன்பெல்டர் 1978-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டினார். பயிற்சிக்கு வருகிறவர்களுடைய வருமானம், அவர்கள் வந்து சேருவதற்குச் சற்று முன்பு திடீரென்று விழுந்திருக்கிறது. வேலை போனவன்தானே பயிற்சியை நாடி வருவான்? அவனில் பலர் பயிற்சி இல்லாமலே பழைய நிலைக்கு மீண்டிருப்பார்கள். கிணற்றில் விழுந்தவன் கரையேறியதையெல்லாம் கயிறு விற்றவன் தன் புகழாகச் சொல்லிக்கொள்வது நியாயமாகுமா?

வேறு யாரோ சிலரைத் தேடிப் பிடித்து ஒப்பிடுவதும் ஆபத்தானதே. 1970-களின் நடுவில் அமெரிக்காவில், சிறையிலிருந்து மீண்டவர்கள், போதைப் பழக்கத்திலிருந்து விடுபட்டவர்கள், படிப்பை நடுவில் விட்டவர்கள், உதவித் தொகையில் வாழ்ந்த தாய்மார்கள் ஆகியோருக்கு வேலையுடன் கூடிய பயிற்சி அளிக்கப்பட்டது. விண்ணப்பித்தவர்களில் யாரைச் சேர்ப்பது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தனர். ஆகவே சேர்ந்தவர்களும் சேராதவர்களும் மற்றெல்லா அம்சங்களிலும் சமமானவர்கள். அந்த நேர்மையான ஒப்பீட்டில் பயிற்சியால் லாபம் தெரிந்தது. ராபர்ட் லலோண்ட் என்பவர் 1986-ல், சீட்டில் விடுபட்டவர்களை ஒதுக்கிவிட்டு, பொது ஜனக் கணக்கெடுப்புகளிலிருந்து பொறுக்கி எடுத்தவர்களுடன் அதே பயிற்சியாளர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். ஆண்கள் விஷயத்தில் சில ஒப்பீடுகள் பல ஆயிரம் டாலர் நஷ்டம் என்று காட்டின. பயிற்சி ஒன்று, ஆட்களும் அவர்களே. சாட்சி மாறியவுடன் தீர்ப்பு தலைகீழாயிற்று.

கணக்கை என்று முடிப்பது?

சரியான சாட்சி கிடைத்தபின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. எந்த நாளில் கணக்கை முடிப்பது? இதற்கு அமெரிக்காவின் இரண்டு திட்டங்கள் எதிரெதிரான பாடங்களைக் கற்பிக்கின்றன.

ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் காலத்தில், 1964-ல், ஏற்பட்டது ஜாப் கோர் என்னும் திட்டம். 16 முதல் 24 வயது வரையுள்ள ஏழை இளைஞர்களில் பெரும்பாலோரை நிலையத்திலேயே தங்க வைத்து, உணவும் படிப்பும் தொழிலும் அளிப்பது அதன் முறை. செலவு தலைக்குச் சுமார் 16,500 டாலர். 1994 முடிவிலிருந்து 1996 ஆரம்பம் வரை தகுதி பெற்று வந்தவர்களில் சுமார் 6,000 பேரைச் சீட்டு முறையில் 3 வருஷ காலம் விலக்கி வைத்து ஒப்பிட்டனர். நான்காம் வருஷத்தில் பயின்றவர்களின் சம்பாத்தியம் மற்றவர்களுடையதை விடத் தெளிவாக மிகுந்திருந்தது. கைதானவர்களின் தொகையும் குறைந்திருந்தது. இந்த மிகுதி ஆயுள் முழுவதும் நீடிக்கும் என்று அனுமானித்து, போட்ட ஒவ்வொரு டாலருக்கும் சுமார் 2 டாலர் திரும்புகிறது என்று 2001-ல் அறிக்கை எழுதினர். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் அத்துடன் நில்லாமல் சர்க்காரின் வருமானப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டே இருந்தனர். நான்காம் வருஷத்திற்குப் பின் மிகுதி கரைந்து போயிருந்தது. இருபது வயதைக் கடந்து வந்து சேர்ந்தவர்களிடம் மாத்திரமே அது நிலைத்தது. மொத்தத்தில் செலவே வரவை விஞ்சியது. தாம் எழுதிய தீர்ப்பைத் தாமே திருத்திக்கொண்ட அந்த நேர்மையை நாம் வியக்கிறோம்.

இரண்டாவது, மிச்சிகன் மாகாணத்தில் இப்ஸிலாண்டி என்ற ஊரில் 1962 முதல் 1967 வரை நடந்த பெரி பள்ளித் திட்டம். ஏழைக் கறுப்பர் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளில் 58 பேருக்கு மூன்று நான்கு வயதில் தினம் இரண்டரை மணி நேர வகுப்பும், வாரம் ஒரு முறை ஆசிரியை வீட்டுக்கு வந்து தாயுடன் கலந்து போதிப்பதும் கிடைத்தன. 65 பேருக்கு இவை இல்லை. புத்திக் கூர்மைப் பரீக்ஷையில் முதலில் தோன்றிய வித்தியாசம், ஆரம்பப் பள்ளியில் சில வருஷம் கழிவதற்குள் மறைந்தது. அன்றே கணக்கை முடித்திருந்தால் பெரி திட்டம் தோல்வி என்றே எழுதியிருப்பார்கள். முடிக்கவில்லை. அக்குழந்தைகளை 40 வயது வரை தொடர்ந்து விசாரித்தனர். உயர்தரப் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் ஒரு பக்கம் 100-க்கு 77, மறுபக்கம் 60. ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் ஒரு பக்கம் 100-க்கு 36, மறுபக்கம் 55. நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் அவருடைய சகாக்களும் 2010-ல் போட்ட கணக்கின்படி, அந்த முதலீட்டின் வருஷாந்தர வருவாய் 100-க்கு 7 முதல் 10 வரை. அதில் பெரும் பகுதி, குற்றங்கள் குறைந்ததால் சமூகத்திற்கு மிஞ்சிய பணமாகும். குழந்தைக்கு எழுத்துக் கற்பித்த செலவு போலீஸ் செலவில் மிச்சமாகி வந்தது.

அவசரத்தில் மூடிய கணக்கு ஒரு திட்டத்தைத் தகுதிக்கு மேல் புகழ்ந்தது, மற்றொன்றை இகழ்ந்திருக்கும். தேர்தலுக்குத் தேர்தல் கணக்கு முடிக்கும் பழக்கமுள்ள நம் தேசத்திற்கு இதைவிடச் சிறந்த எச்சரிக்கை வேறில்லை.

யாருடைய லாபம்?

பயின்றவன் வேலை பெற்றான். அதனால் தேசத்திற்கு லாபம் என்று உடனே கூறிவிட முடியாது. பிரான்ஸ் தேசத்தில் படித்த இளைஞர்களுக்கு வேலை தேடித் தரும் ஓர் உதவித் திட்டத்தை 235 பிரதேசங்களில் சீட்டு முறையில் பரிசோதித்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டனர். உதவி பெற்றவர்கள் முன்னதாகவே வேலையில் அமர்ந்தார்கள். ஆனால் அதில் ஒரு பகுதி, உதவி பெறாத பக்கத்து வீட்டு இளைஞனுக்கு வரவேண்டிய வேலைதான். வண்டியில் இடம் பத்துத்தான் என்றால், ஒருவனுக்கு ஏறக் கற்றுக் கொடுப்பது இன்னொருவனை இறக்குவதாகவே முடியும்.

இதற்கு மாறாக, கணக்கில் வராமற் போகும் லாபமும் உண்டு. சென்னை ராஜ்யத்தில் காமராஜர் 1956-ல் பள்ளிகளில் மதிய உணவைப் பரப்பினார். 1982-ல் எம். ஜி. ராமச்சந்திரன் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், சமைத்த உணவை நாடெங்கும் ஆரம்பப் பள்ளிகளில் அளிக்கும்படி உத்தரவிட்டது. 1993 முதல் 2016 வரையுள்ள தேசப் புள்ளி விவரங்களைக் கொண்டு 2021-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, பள்ளியில் இந்த உணவை உண்டு வளர்ந்த பெண்கள் தாயானபோது அவர்களுடைய குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்தன என்று கண்டது. பாட்டி காலத்து வரிப்பணம் பேரக் குழந்தையின் எலும்பில் வட்டியாக ஏறியிருக்கிறது! எந்த ஐந்தாண்டுத் தணிக்கையில் இந்த வரவு பதிவாகியிருக்கும்?

பசித்த குழந்தைக்குச் சோறிட வட்டி விகிதம் நிபந்தனையாகாது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம். சோறிட வேண்டுமா என்பது கடமையைப் பற்றிய கேள்வி. அதற்குக் கணக்கர் விடை கூற வேண்டாம். எவ்வழியில் இட்டால் அதே பணத்தில் அதிகப் பேருக்கு அதிக நன்மை விளையும் என்பதே கணக்கர் கூற வேண்டிய விடை. இரண்டையும் குழப்புகிறவர்களே தர்மத்தின் பெயரால் ஊழலையும், சிக்கனத்தின் பெயரால் கொடுமையையும் வளர்க்கிறார்கள்.

மெக்ஸிகோ காட்டிய வழி

கணக்கு ஏழைக்குக் கவசம் என்றோம். அதற்கு அத்தாட்சி மெக்ஸிகோ. 1997-ல் அந்நாட்டு சர்க்கார், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பி வைத்திய நிலையத்திற்கும் கூட்டிச் செல்லும் ஏழைத் தாய்மார்களுக்குப் பணம் வழங்கும் புரோகிரேஸா திட்டத்தை ஆரம்பித்தனர். எல்லாக் கிராமங்களுக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கப் பணமில்லை. ஆகவே ஆராய்ச்சிக்கு எடுத்த 506 கிராமங்களில் 320-க்குச் சீட்டு முறையில் முதலிலும், 186-க்குப் பின்னரும் கொடுத்தனர். முந்திய கிராமங்களில் உயர் வகுப்புகளில் சேரும் குழந்தைகள், முக்கியமாகப் பெண் குழந்தைகள், பெருகியது ஐயத்திற்கிடமின்றி நிரூபணமாயிற்று. 2000-ல் எழுபது வருஷமாக ஆண்ட கட்சி தோற்று எதிர்க்கட்சி பதவிக்கு வந்தது. முந்தைய ஆட்சியின் திட்டங்களை வேரோடு பிடுங்குவதுதான் அந்நாட்டு வழக்கம். எனினும் புதிய சர்க்கார் இதைக் கைவிடவில்லை; பெயரை மாற்றி, நகரங்களுக்கும் விரிவாக்கினர். வேறு பெயர்களில் அது 2019 வரை நீடித்தது. ஆட்சி மாறினும் தாய்மார்களின் கைப்பணம் நிலைத்ததற்கு அந்தச் சாட்சியம் பேருதவி புரிந்தது.

நம் சர்க்கார்களிடம் நாம் கோருவன அதிகமல்ல. விண்ணப்பங்கள் மிகுந்து இடங்கள் குறைந்திருக்கும் பயிற்சிகளில் சீட்டுப் போட்டு ஆட்களைச் சேருங்கள். ஏழைகளை வைத்துச் சூதாடுவதா என்று யாரேனும் ஆட்சேபித்தால், எம்.எல்.ஏ.யின் சிபார்சுக் கடிதத்தை விடச் சீட்டு நியாயமானது என்று பதில் கூறுங்கள். பயின்றவர்களையும் விடுபட்டவர்களையும் பத்து வருஷமேனும் தொடர்ந்து விசாரியுங்கள். பயிற்சி நிலையத்தாரின் கையிலன்றி, சுதந்திரமான நிபுணர்களின் கையில் அந்த விசாரணையை ஒப்படையுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, முடிவு பாதகமாக வந்தாலும் மறைக்காமல் வெளியிடுங்கள்.

அரசியல் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. இனிமேல் உங்கள் ஊர் மேடையில் ஒரு மந்திரி இத்தனை லட்சம் பேருக்குப் பயிற்சி அளித்தோம் என்று பெருமையுடன் கூறும்போது கை தட்டுவதற்கு முன் எழுந்து, அளிக்காவிட்டால் அவர்கள் என்னவாகியிருப்பார்கள் என்று மரியாதையுடன் கேளுங்கள். பயிற்சிக்கு இரண்டு வருஷ வாலிபத்தைக் கொடுத்துவிட்டு வெறுங் காகிதத்துடன் வீடு திரும்பும் இளைஞன் அக்கேள்விக்கு விடையை நெடுநாளாக எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறான்.