மாவுக்கட்டுப் பிரித்த கையும் மாதிரிக் கப்பலும்

மாவுக்கட்டைப் பிரித்த அன்றே கை பழையபடி இயங்கிவிடும் என்று பலர் எதிர்பார்க்கின்றனர். உடைந்த மணிக்கட்டு எலும்பு கூடுவதற்கே பொதுவாக 6 வாரங்கள் ஆகின்றன. இறுகிய விரல்கள் இளகுவதற்கு மேலும் சில வாரங்களோ மாதங்களோ தேவைப்படலாம். இக்காலத்தில் மனம் சோர்ந்து பயிற்சியைக் கைவிடுவோரையும், அவசரப்பட்டு விரல்களை வலிந்து மடக்கி வீக்கத்தை வரவழைத்துக் கொள்வோரையும் நாங்கள் காண்கிறோம். இவ்விரு சாராரும் மாதிரிக் கப்பல் கட்டுவோரிடமிருந்து கற்கத்தக்கது ஒன்றுண்டு.

1:100 என்னும் அளவில் கட்டினால், மெய்யான கப்பலின் 1 மீட்டர் மாதிரியில் 1 சென்டிமீட்டராகும். அடிமரத்தையும் விலாச் சட்டங்களையும் நிறுத்தியபின், 1 அல்லது 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள மரப்பட்டிகளை ஒவ்வொன்றாக ஒட்டுவர். உலர்ந்த பட்டியை வலிந்து வளைத்தால் ஒடியும். ஆகவே வெந்நீரில் ஊறவைத்து, சட்டத்தின் வளைவோடு பொருத்தி, ஊசியால் நிறுத்தி உலரவிடுவர். ஈரம் உலருமுன் ஒட்டினால், மரம் பின்னர் சுருங்கி இடைவெளி விழும். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் முடித்தால் அடிமரம் முறுகும். ஆதலால் இரு பக்கமும் மாறி மாறி ஏறவேண்டும். பட்டி உலரும் இரவும் அவர்களுக்கு வேலைநேரமே.

இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகருக்கு அருகே 1797இல் திறக்கப்பட்ட நார்மன் கிராஸ் முகாமில் அடைபட்டிருந்த பிரெஞ்சுப் போர்க்கைதிகள், உணவில் எஞ்சிய எலும்புகளைச் செதுக்கிக் கப்பல்கள் செய்து விற்றனர். விடுதலை நாள் அறியாதவர்கள் செய்த அப்பொருள்கள் பல, இன்றும் பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் உள்ளன.

இடுக்கியால் நூலைப் பற்றிப் பாய்மரத்தில் கட்டும்போது, பெருவிரலும் சுட்டுவிரலும் இணையும் நுண்ணிய பிடி பழகுகிறது. விலைமிக்க பொருள்கள் வேண்டியதில்லை. ஐஸ் குச்சிகளும் அட்டையும் நூலுமே போதும். எனினும் இது இயன்முறைப் பயிற்சிக்குத் துணையே, மாற்றாகாது. மருத்துவரின் ஒப்புதல் பெற்று, நாளொன்றுக்கு 15 நிமிடங்களில் தொடங்குங்கள். வலியோ வீக்கமோ நீடித்தால் நிறுத்திவிட்டு எங்களிடம் கூறுங்கள். தசைநாண் தைக்கப்பட்டவர்கள் எங்கள் அனுமதியின்றித் தொடங்கலாகாது. நீரிழிவால் விரல்களில் உணர்வு குறைந்தவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும் வெட்டும் வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பது நலம். மரத்தூளும் பசையின் ஆவியும் மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும். முகக்கவசமும் காற்றோட்டமும் அவசியம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளர் ஒரு முடிச்சுக்குப் பத்து நிமிடம் தடுமாறும்போது, அன்பினால் நீங்களே வாங்கிக் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பத்து நிமிடமே அவருக்குரிய பயிற்சி. கோணலாக ஏறிய பட்டியும் அவர் கை ஏற்றிய பட்டியே. அடுத்த முறை வரும்போது, எத்தனை பட்டிகள் ஏறின என்று அவரே எங்களிடம் சொல்லட்டும்.