அகலக்கால் வேண்டாம்

பெட்டிக்குள் ஓர் உலகம் – 14

சென்ற வாரம் எஸ்.எம்.பி.எஸ். பற்றிப் பேசினோம். நல்ல எஸ்.எம்.பி.எஸ்., நல்ல கூலர் இரண்டும் அமைந்துவிட்டால் பலருக்கும் அடுத்து வரும் ஆசை ஒன்றுதான்: பிராசஸரை இன்னும் கொஞ்சம் விரட்டிப் பார்க்கலாமா? அதற்குப் பெயர்தான் ஓவர்கிளாக்கிங்.

எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவர் இருக்கிறார். கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுத்துப் படிப்புச் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறார். அவரிடம் இருப்பது ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜி.பி. ரேம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணா, நேரா 4.2 வச்சுப் பார்த்துடலாமா? ஒரு வீடியோல அப்படித்தான் வச்சுக் காட்டினாங்க."

"அவங்க சிப் வேற, உன் சிப் வேற தம்பி. முதல்ல உன்னோடது இப்ப எப்படி ஓடுதுன்னு பார்ப்போம். ஒரு நோட்டும் பேனாவும் எடு."

காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம். முடித்தது மறுநாள் காலையில். அந்த ஒரு நாளைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

மிச்சம் எங்கிருந்து வருகிறது?

ஒரே மாவில் ஊற்றிய இட்லியிலும் நடுக்குழி இட்லி ஒரு மாதிரி, ஓரத்து இட்லி ஒரு மாதிரி வெந்திருக்கும். சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கும் சிப்களும் அப்படித்தான். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் சோதித்து, எந்த வேகத்தில் நம்பி ஓட்டலாம் என்று பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். ஒரு மாடலின் பெயரில் விற்கிற எல்லாச் சிப்களும், அதில் ஆகச் சுமாரானதும்கூட, சூடான அறையில், சாதாரணக் கூலரோடு, பல ஆண்டுகள் பிழையில்லாமல் ஓடியாக வேண்டும். அதற்காக வேகத்தில் கொஞ்சம் விட்டுவைக்கிறார்கள். அந்த மிச்சத்தை நாம் எடுத்துக்கொள்வதுதான் ஓவர்கிளாக்கிங்.

இதில் பெரிய கதை 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தை 4.5 என்ற மல்டிபிளையரால் பெருக்கினால் ஏறக்குறைய 300 வரும். மல்டிபிளையரை இன்டெல் பூட்டிவைத்திருந்தது. ஆனால் பஸ் வேகத்தை 100-க்கு ஏற்றினால் அதே 4.5, 450 ஆகிவிடும். மலிவு விலைப் பிராசஸர் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடியது. பெரும்பாலான சிப்கள் அதைத் தாங்கவும் செய்தன.

இன்று அவ்வளவு மிச்சம் கிடையாது. சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும்வரை இக்காலப் பிராசஸர்கள் பூஸ்ட் என்ற பெயரில் தாமாகவே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஐந்து முதல் பத்து சதவீதம். அதற்கு மேல் எதிர்பார்த்து இதில் இறங்க வேண்டாம்.

இறங்குவதற்கு முன் உங்களிடம் இருப்பது பூட்டில்லாத பிராசஸர்தானா என்று பாருங்கள். இன்டெலில் பெயருக்குப் பின்னால் 'கே' எழுத்து வேண்டும். மதர்போர்டு 'இசட்' வரிசையாக இருக்க வேண்டும். ஏஎம்டியின் ரைசன் டெஸ்க்டாப் பிராசஸர்களில் கிட்டத்தட்ட எல்லாமே பூட்டில்லாதவை. ஆனால் ஏ320 போன்ற 'ஏ' வரிசை போர்டுகளில் முடியாது. 'பி' அல்லது 'எக்ஸ்' வரிசை வேண்டும். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். ஓவர்கிளாக்கிங்கால் வந்த சேதத்தை இரண்டு நிறுவனங்களின் உத்தரவாதமும் ஏற்காது.

வேகத்துக்கு வோல்டேஜ், வோல்டேஜுக்குச் சூடு

பிராசஸரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். அடிப்படை கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். மல்டிபிளையர் 39 என்றால் 3.9 கிகாஹெர்ட்ஸ். அடிப்படை கிளாக்கில் கை வைக்காதீர்கள். பல போர்டுகளில் அது மற்ற பாகங்களின் வேகத்தோடும் பிணைந்திருக்கும். மாற்ற வேண்டியது மல்டிபிளையர் மட்டும்.

வேகம் ஏற ஏற, டிரான்சிஸ்டர்கள் குறித்த நேரத்துக்குள் மாறி முடிக்கக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். விலை அங்கேதான் இருக்கிறது. சிப் வேலை செய்யும்போது உண்டாகும் சூடு, வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.6-லிருந்து 4.0 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் வேகம் 11 சதவீதம் கூடுகிறது. அதற்காக வோல்டேஜை 1.2-லிருந்து 1.35-க்கு ஏற்றினால் சூடு சுமார் 40 சதவீதம் கூடுகிறது.

சூடு அளவு மீறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் நின்றுவிடும். அதனால் சூட்டால் மட்டும் ஒரு சிப் உடனே சாவது அரிது. வோல்டேஜ் அப்படி இல்லை. கூடுதல் மின்னோட்டம், சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய கம்பிகளின் உலோக அணுக்களையே மெல்ல மெல்ல இடம்பெயர்த்துவிடும். ஆறு மாதம் நன்றாக ஓடிய வேகத்தில் ஏழாவது மாதம் ஓடாமல் போகும். போனது திரும்பி வராது.

2024-இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பல, பயனர் எதையும் மாற்றாமலே நிலைகுலைந்தன. தேவைக்கு அதிகமான வோல்டேஜ் சிப்பைப் பாதித்ததுதான் காரணம் என்று இன்டெலே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. நிறுவனம் வைத்த வோல்டேஜே இப்படிச் செய்யும் என்றால், நாம் கையால் வைக்கும் எண்ணில் எவ்வளவு கவனம் வேண்டும்!

அந்த ஞாயிற்றுக்கிழமை

முதலில் தம்பியின் வீடியோக்களையெல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவைத்தோம். இந்தப் படியை யாரும் தாண்டக் கூடாது. பிறகு தூசு தட்டி, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்து, பிராசஸரோடு வந்த குட்டைக் கூலருக்குப் பதில் ஒரு டவர் கூலரைப் பொருத்தினோம்.

அறையின் வெப்பம் 33 டிகிரி. இதை ஏன் எழுதிவைத்தோம் என்றால், காற்றில் ஓடும் எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக முடியாது. மார்கழியில் 75 டிகிரியில் நின்ற அமைப்பு கத்திரி வெயிலில் 85-ஐத் தொடும். குளிர்நாட்டுக்காரர் ஒருவர் வீடியோவில் காட்டும் எண்ணை நம் வீட்டில் அப்படியே வைக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

எதையும் மாற்றாமல் முழுச் சுமையில் ஓட்டினோம். 66 டிகிரி. நோட்டில் முதல் வரி அது.

பிறகு பயாஸுக்குள் போனோம். வோல்டேஜை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 1.25 என்று நாமே வைத்தோம். ஆட்டோவில் விட்டால் சில போர்டுகள் தேவைக்கு மேல் அள்ளிக் கொடுத்துவிடும். மேல் எல்லை 1.35 வோல்ட் என்று முன்பே பேசி, பக்கத்தின் மேலேயே பெரிதாக எழுதிக்கொண்டோம். "ஆட்டோல இருந்தப்ப 1.4 காட்டுச்சே அண்ணா" என்றார் தம்பி. நல்ல கேள்வி. அது ஓரிரு கோர்கள் மட்டும் லேசான வேலையில் நொடிப்பொழுது எட்டிப் பார்க்கும் அளவு. நாம் வைப்பது ஆறு கோர்களும் மணிக்கணக்கில் தாங்க வேண்டிய அளவு. இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவைத்தோம். பிழை வந்தால் அது பிராசஸரால் வந்ததா, ரேமால் வந்ததா என்ற குழப்பம் வரக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

மல்டிபிளையர் 37, 38, 39. ஒவ்வொரு படியிலும் கால் மணி நேரச் சோதனை. மூன்றும் தேறின. 40 வைத்ததும் விண்டோஸ் வருவதற்கு முன்பே நீலத்திரை. வோல்டேஜை 1.3-க்கு ஏற்றினோம். விண்டோஸ் வந்தது. பாட்டு ஓடியது, பிரவுசர் திறந்தது. "செட் ஆயிடுச்சு அண்ணா!" என்று தம்பி எழுந்தே விட்டார்.

பிரைம்95-ஐ ஓடவிட்டோம். 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய பகா எண் தேடலுக்காக எழுதிய நிரல் இது. விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, பிராசஸர் சொல்லும் விடையை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையும் இதில் உண்டு. நாற்பதாவது நிமிடம். கோருக்கு இரண்டாக ஓடிய பன்னிரண்டு வரிசைகளில் ஒன்று மட்டும் நின்றுவிட்டது. 0.4-க்குக் கீழே இருக்க வேண்டிய வித்தியாசம் 0.5 ஆகிவிட்டது என்று ஒரே ஒரு வரிச் செய்தி. மற்றப் பதினொன்றும் ஓடிக்கொண்டிருந்தன. மௌஸ் அசைந்தது. திரையில் வேறு எந்தக் குறையும் இல்லை.

அந்த வரியைத் தம்பிக்குச் சுட்டிக்காட்டினேன். ஓவர்கிளாக்கிங்கின் உண்மையான ஆபத்து அதுதான். ஹேங் ஆனால் தெரிந்துவிடும், ரீஸ்டார்ட் செய்யலாம். ஹேங் ஆகாமல், சத்தமில்லாமல் தப்பாகக் கணக்குப் போடும் பிராசஸர், அந்தத் தப்பை ஹார்டு டிஸ்க்கில் எழுதியும் வைக்கும். ஒரு குடும்பத்தின் கல்யாண வீடியோவில் நடுவே நாலு ஃபிரேம் கெட்டுப்போயிருந்தால், அது என்றைக்குத் தெரியவரும்?

1.325 வோல்ட் வைத்ததும் பிழை நின்றது. ஆனால் சூடு 84. இந்தப் பிராசஸருக்கு ஏஎம்டி சொல்லும் உச்ச வரம்பு 95. சித்திரை மாதமும் இன்னும் வரவில்லை. தம்பியே சொன்னார்: "39-க்கே இறங்கிடலாம் அண்ணா." இறங்கினோம். வோல்டேஜ் 1.275. ஏற்கெனவே தேறிய அளவுக்கு மேல் ஒரு பிடி கூடுதல். இரவு முழுக்கச் சோதனை ஓடியது. காலையில் காபியோடு வந்து பார்த்தோம்: பன்னிரண்டு வரிசையும் ஓடிக்கொண்டிருந்தன, உச்சச் சூடு 76.

இருபது நிமிடம் பிடித்த ஒரு வீடியோ எக்ஸ்போர்ட், பதினெட்டரை நிமிடத்தில் முடிந்தது.

நீங்கள் செய்யும்போது

பயாஸில் வைத்த எண் பொருந்தாமல் திரையே வராவிட்டால் பதற வேண்டாம். பல போர்டுகள் இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டுத் தாமே பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் சிமாஸ் கிளியர் முனைகளைச் சில நொடி இணையுங்கள்; அல்லது காசு வடிவ பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டுங்கள். போர்டு கடையில் வாங்கிய அன்றிருந்த நிலைக்கு வந்துவிடும். அந்த முனைகள் எங்கே இருக்கின்றன என்று போர்டின் கையேட்டில் முதலிலேயே பார்த்து வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சோதனை. ஒவ்வொரு சோதனைக்கும் நோட்டில் ஒரு வரி. தாங்கிய உச்சத்திலிருந்து ஒரு படி கீழே இறங்கி நிற்பது. முதல்முறை செய்பவருக்கு இந்த நான்கே போதும். வேகமாக ஓடுகிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். தப்பாகப் போட்ட கணக்கை எவ்வளவு சீக்கிரம் போட்டாலும் பயன் இல்லை.

தம்பியின் சிபியு இன்றும் 3.9-இல்தான் ஓடுகிறது. எக்ஸ்எம்பியை அணைத்தே வைத்திருக்கிறோம். ரேமின் கதையை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் உங்கள் பிராசஸரின் முழுச்சுமைச் சூட்டையும் அறையின் வெப்பத்தையும் அளந்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எண்ணை மாற்றுவது பிறகு. முதல் வரி அதுவாக இருக்கட்டும்.

(தொடரும்)