முதல் ஆண்டில் பிள்ளை எதை வாசிப்பது?

நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களிலும் சரி, தோட்டத்தை விட்டுப் பட்டர்வொர்த்துக்கோ பெரி தாண்டி ஜார்ஜ் டவுனுக்கோ குடிபோன வீடுகளிலும் சரி, பிள்ளைக்குப் பியானோ கற்றுக்கொடுக்க ஆசைப்படும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். நல்ல ஆசைதான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதக் கட்டணம் கட்டுகிறோம். தவணைக்குக் கீபோர்டும் வாங்குகிறோம். ஆறு மாதம் போனதும், "எனக்கு இது வராதும்மா" என்று பிள்ளை அதைத் துணி போட்டு மூடிவைத்துவிட்டால், போன பணத்தைவிட மனம்தான் அதிகம் வலிக்கிறது. பிள்ளைக்கு இசை வராது என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். கையில் கொடுத்த உருப்படி எது என்று முதலில் பார்ப்போம்.

பல வீடுகளில் அது பீத்தோவன் 1810இல் எழுதிய 'ஃபர் எலீஸ்' ஆக இருக்கும். அவர் இறந்து நாற்பது ஆண்டு கழித்து, 1867இல்தான் அது அச்சேறியது. இன்று உலகமே அறிந்த மெட்டு. தைவானில் குப்பை லாரி தெருவுக்குள் வரும்போதுகூட இதை ஒலிக்கவிடுவார்கள்! தொடக்கம் கைக்கு இதமானது. வலது கை விட்ட இடத்தை இடது கை பிடித்துக்கொள்ளும். அதில் மயங்கித்தான் பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். ஆனால் நடுவில் விரல்கள் பறக்க வேண்டிய இடம் ஒன்று வருகிறது. அதற்கும் பிறகு, இடது கை ஒரே கட்டையை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, வலது கையில் கனமான கூட்டு ஸ்வரங்கள் வருகின்றன. அங்கே வண்டி நின்றுவிடும். விருந்தாளி வரும்போதெல்லாம் முதல் பகுதியை மட்டும் வாசித்துக்காட்டும் பிள்ளை, ஒரு பாட்டை முழுதாக முடித்த மகிழ்ச்சியை அறிவதே இல்லை. பெரிய பாட்டில் பாதியைவிடச் சின்னப் பாட்டு முழுதாக ஒன்று மேல் என்பது எங்கள் கருத்து.

சுலபம் என்பதை எப்படிக் கண்டுகொள்வது? நம் பாட்டு வாத்தியார் கீர்த்தனையில் ஆரம்பிப்பதில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று படிப்படியாகவே போகிறார். பியானோவிலும் அப்படித்தான். வலது கட்டைவிரலை 'ஸ' மேல் வைத்து, வெள்ளைக் கட்டைக்கு ஒரு விரலாக வைத்துக்கொண்டு போனால், சுண்டுவிரல் 'ப' மேல் நிற்கும். கையை அந்த இடத்திலிருந்து நகர்த்தாமல் வாசிக்கக்கூடியது எதுவோ, அதுவே முதல் பாட்டு. பீத்தோவனையே வாசிக்க ஆசையா? 1824இல் அரங்கேறிய அவருடைய ஒன்பதாவது சிம்பொனியில் பாடகர் குழு பாடும் மெட்டு இருக்கிறது. அது ஏறக்குறைய முழுவதும் இந்த ஐந்து கட்டைகளுக்குள்ளேயே, அடுத்தடுத்த படிகளாக ஏறி இறங்குகிறது. ஒரே ஓர் இடத்தில்தான் கீழே எட்டிப் பிடிக்க வேண்டும்.

ஹங்கேரி நாட்டு பார்டோக் 1926 முதல் 1939 வரை எழுதிச் சேர்த்த 'மைக்ரோகாஸ்மாஸ்' என்ற ஆறு தொகுதிகளில் 153 உருப்படிகள் இருக்கின்றன. முதல் ஆறிலும் இரண்டு கைகளும் ஒரே மெட்டைத்தான் சேர்ந்து வாசிக்கும். இரு கைக்கும் ஒரே வேலை என்பதால் பயம் தெளிந்துவிடுகிறது. சிலவற்றைக் கேட்டால் ருசிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம், பாகற்காய் போலத்தான்.

மெதுவான பாட்டெல்லாம் சுலபம் என்றும் நினைத்துவிடக் கூடாது. 'மூன்லைட்' சொனாட்டாவின் முதல் பகுதி மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் அதில் வலது கை மும்மூன்று ஸ்வரங்களாக ஓயாமல் ஓடிக்கொண்டே, மேலே மெட்டையும் இழுத்துப் பாட வேண்டும். காலுக்குப் பெடல் வேலையும் உண்டு. சின்னக் கை எட்டாது.

காதுக்குப் பழகியதிலிருந்து தொடங்கலாமே என்பவர்களுக்கு நம்மிடமே ஒரு வழி இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் சென்னைக்கு அருகே மணலியில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். அப்போது கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியம் வாசித்த மெட்டுகளைக் கேட்டார் என்பது வரலாறு. அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். ஏறக்குறைய நாற்பது கிடைத்திருக்கின்றன. நோட்டுஸ்வரம் என்று சொல்வது இவற்றைத்தான். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் மன்னர் வாழ்த்தின் மெட்டேதான். இவை சங்கராபரணத்தில் அமைந்தவை. பியானோவின் வெள்ளைக் கட்டைகளை 'ஸ'விலிருந்து வரிசையாக வாசித்தால் கிடைப்பதும் அதே சங்கராபரணம். கோயில் வகுப்பில் நோட்டுஸ்வரம் பாடிய பிள்ளை, வலது கையால் மெட்டைப் பிடித்து, இடது கையால் 'ஸ', 'ப' மட்டும் தொட்டால் போதும்; ஒரு வாரத்தில் பாட்டு கைக்கு வந்துவிடும்.

வீட்டில் பியானோ இல்லையே என்று ஏங்க வேண்டாம். முதல் ஆண்டுப் பாட்டுகளுக்கு 61 கட்டைக் கீபோர்டு தாராளம். கட்டைகளின் அகலம் மட்டும் பியானோ அளவில் இருக்கட்டும். பொம்மை அளவுக் கட்டையில் பழகிய விரல், வகுப்புப் பியானோவில் தடுமாறும்.

பினாங்கில் பல பிள்ளைகள் லண்டன் அசோசியேட்டட் போர்டு தேர்வுக்குப் போகிறார்கள். தேர்வு நல்லதே. ஆனால் தேர்வுக்கு வேண்டிய மூன்று உருப்படிகளையே ஆண்டு முழுவதும் அரைத்துக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு அலுத்துப்போகும். இடையிடையே சின்னச் சின்னதாகப் பத்துப் பாட்டாவது வாசிக்கட்டும். ஆசிரியரிடம் பணிவாக இதைக் கேட்கலாம், தவறில்லை.

அப்படி வாசிப்பதற்கென்றே பெரியவர்கள் தம் வீட்டுக்கு எழுதிவைத்தவை உண்டு. பாக் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்கு 1725இல் தொடங்கிக் கொடுத்த நோட்டுப் புத்தகம் ஒன்று. அதிலுள்ள ஜி மேஜர் மினுவெட்டைப் பாக் எழுதியதென்றே நெடுநாள் நம்பினார்கள். உண்மையில் அது பெட்ஸோல்டு என்பவருடையது. முதல் ஆண்டின் முடிவில் அதைத் தொடலாம். இன்னொன்று, ஷூமான் 1848இல் தம் பெண் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதிய 'இளையோர் தொகுதி'. முதல் பாட்டின் பெயரே 'மெட்டு'. இரண்டாவது சிப்பாய்களின் நடை.

பத்தாவது பாட்டு நம் வீடுகளுக்கு நெருக்கமானது. வேலை முடிந்து மகிழ்ச்சியோடு வீடு திரும்பும் உழவன் என்பது அதன் தலைப்பு. அதில் மெட்டு இடது கையில் வருகிறது. வலது கை தாளத்துக்கு இடையில் மெல்லத் தொட்டுக்கொடுக்கிறது. வலது கையே எப்போதும் பாடிப் பழகிய பிள்ளைக்கு இது புதிது. அதனால் இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் இடது கையை மட்டும் தனியாக வாசிக்கட்டும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்த மெட்டு வாயில் வந்துவிட்ட பிறகு, வலது கையைச் சேர்த்துக்கொள்ளலாம்.