ஆற்றைத் திருத்துமுன் அளவெடுத்தல்

திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டங்களில் ஆறுகள் வருஷம் முழுவதும் ஓடுவதில்லை என்பதை யாவரும் அறிவர். நந்தியாறும் கொசஸ்தலையாறும் ஐப்பசி, கார்த்திகை மழையில் சில நாட்கள் பெருகி, பின்னர் மணற்பரப்பாய்க் கிடப்பவை. அந்தச் சில நாட்களின் ஜலமே ஏரிகளையும் கிணறுகளையும் நிரப்புகின்றது. ஆகையால் ஆறு தூர்ந்ததென்று கண்டவுடன் அதைத் தோண்டி நேராக்கிவிட வேண்டுமென்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும் அளவெடாமல் தோண்டுவதால் நன்மையினும் தீமையே மிகக்கூடும்.

படுகையின் சரிவு, வெள்ளத்தின் அளவு, அது சுமந்துவரும் மணல் ஆகிய மூன்றிற்கும் ஏற்ப ஆறு தன் அகலத்தையும் ஆழத்தையும் தானே அமைத்துக்கொள்கின்றது. வளைவுகளை வெட்டினால் நீளம் குறைந்து சரிவு கூடும். வேகம் மிகுந்து படுகை அரிக்கும். அவ்வரிப்பு மேல்நோக்கியும் பரவும். படுகை தாழ்ந்தால் அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டமும் தாழ்வதுண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் கிஸிம்மி என்னும் ஆற்றை 1962 முதல் 1971 வரை நேரான கால்வாயாக வெட்டினர். அதனால் சதுப்பு நிலங்கள் அழிந்தமையால், 1999 முதல் 2021 வரை அதன் ஒரு பகுதியில் பழைய வளைவுகளை மீட்க நேர்ந்தது.

அளவெடுக்கும் முறை வருமாறு. கோடையில், வெள்ளம் எட்டாத இடத்தில் அசையாத நிலைக்கல் ஒன்றை நாட்டவேண்டும். அதிலிருந்து மட்டக்கருவியும் அளவுகோலும் கொண்டு, ஆற்றின் குறுக்கே கரைக்குக் கரை பல புள்ளிகளில் உயரம் குறிக்கவேண்டும். இதுவே குறுக்கு வெட்டுப்படம். இவ்வாறு பல இடங்களில் எடுத்து, நடுப்படுகை உயரங்களை வரிசையாக இணைத்தால் சரிவு விளங்கும். கரை நிரம்பும் மட்டத்தையும், வளைவுகளையும், மணலின் பருமனையும் உடன் குறிப்பது அவசியம்.

ஓர் உதாரணம்: நிலைக்கல்லின் உயரம் 100.00 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் நிறுத்திய கோலில் 1.50 தெரிந்தால் கருவியின் பார்வை மட்டம் 101.50. படுகையில் நிறுத்திய கோலில் 4.00 தெரிந்தால் படுகையின் உயரம் 97.50. ஏரி வரத்துக்காலின் தலைமதகு அடிமட்டம் 98.10 ஆனால், ஆற்றில் 60 சென்டிமீட்டர் நீர் நின்ற பின்னரே கால்வாயில் ஜலம் ஏறும். மேலும் அரை மீட்டர் தோண்டினால் 1.10 மீட்டர் நீர் நிற்கவேண்டும். ஆறு ஆழமாயிற்று, ஏரியோ வறண்டது என்னும் நிலை இவ்வாறே உண்டாகின்றது.

கொசஸ்தலையின் வெள்ளம் இவ்வட்டங்களின் மழையால் மட்டும் அமைவதன்று. ஆந்திரத்திலுள்ள அம்மப்பள்ளி அணையின் உபரிநீரும் பள்ளிப்பட்டு வழியே வருகின்றது. ஆகவே 2021 நவம்பர் வெள்ளம் ஏறிய மட்டத்தை நேரிற் கண்ட முதியோரை விசாரித்து, சுவரிலும் பாலத்திலும் உள்ள கறைகளைக் கொண்டு படத்தில் குறிப்பது உபயோகமாகும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் புலப்படத்துடன் ஒப்பிட்டு ஆற்றுப் புறம்போக்கின் எல்லையைக் காட்டுதலும், நிலைக்கல்லைப் பெயராமல் காத்தலும் வேண்டும். நிலமுடையோர் தம் வரத்துக்கால் மதகின் மட்டத்தையும் அப்படத்தில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்வது நலம். ஒவ்வொரு மழைக்காலத்தின் பின்னும் அதே இடங்களில் மீண்டும் அளந்தால், எங்கே மண் சேர்ந்தது, எங்கே அரித்தது என்பது ஐயமற விளங்கும். எங்கே தோண்டலாம், எங்கே கைவைக்கலாகாது என்பதை அதன் பின்னரே முடிவு செய்தல் தக்கது.