தார் பெயர்ந்த திடல்

விளையாடும் ஊர் – 9

டென்மார்க்கின் எம்ட்ருப்பில் 1943ல் பிறந்த ‘குப்பைத் திடலை’ப் போன வாரம் பார்த்தோம். ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. சோரென்சென் என்ற நிலவடிவமைப்பாளரின் யோசனைப்படி, பழைய பலகையையும் செங்கலையும் கயிற்றையும் பிள்ளைகளிடம் கொடுத்து, வேண்டியதைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். இந்த வாரம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்துக்கு, பெர்க்லி நகருக்குப் போகிறோம். அங்கே பிள்ளைகள் கைக்குக் கிடைத்தவை மண், தண்ணீர், செடி, பூச்சி.

பெர்க்லியில் இருக்கும் வாஷிங்டன் தொடக்கப் பள்ளியின் திடல் ஒன்றரை ஏக்கர். 1971க்கு முன் அது முழுக்கத் தார் போட்டிருந்தது. அந்தக் காலத்து அமெரிக்க நகரப் பள்ளிகள் பலவற்றில் இதே கதைதான். தார்த்தளத்தைப் பெருக்குவது சுலபம். மழை பெய்தால் சேறு இல்லை. ஆசிரியர் ஒரு மூலையில் நின்றாலே எல்லாரும் கண்ணில் படுவார்கள். பெரியவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. பந்தாட்டத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் குறையில்லை. மற்ற பிள்ளைகளுக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை.

1971ல் இந்தத் திடலின் மேல் இரண்டு பேர் கண் விழுந்தது. ஒருவர் ராபின் மூர். லண்டனில் கட்டடக்கலை படித்துவிட்டு வந்து, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நிலவடிவமைப்பு கற்பித்துக்கொண்டிருந்தவர். இன்னொருவர் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் ஹெர்ப் வாங். அறிவியல் கல்வியில் ஊறியவர், ஜாஸ் இசை பற்றி எழுதியும் வானொலியில் பேசியும் பெயர் பெற்றவர். பெற்றோர், ஆசிரியர், அக்கம்பக்கத்தார், பிள்ளைகள் என எல்லாரையும் இருவரும் சேர்த்துக்கொண்டார்கள். திடலின் ஒரு பகுதியில், சுமார் அரை ஏக்கரில், தாரைப் பெயர்த்து எடுத்தார்கள். அந்த இடத்தில் குளம் வெட்டினார்கள், ஓடை விட்டார்கள், மரமும் புல்லும் வளர்த்தார்கள். தார்த்தளம் முழுவதும் போய்விடவில்லை என்பதைக் கவனியுங்கள். பந்தாடும் பிள்ளைக்குப் பந்தாட இடம் இருந்தது. ஓடையில் இலையை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே நடக்கும் பிள்ளைக்கும் இடம் கிடைத்தது.

பத்து ஆண்டுகள் போல மூர் அங்கே பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். பிற்பாடு, 1997ல், வாங்கும் அவரும் சேர்ந்து அந்த அனுபவத்தைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அதில் என்னை நிறுத்தி வைத்த விஷயம் ஒன்று உண்டு. தார்த்தளமாக இருந்தபோது ‘போரடிக்கிறது’ என்று பிள்ளைகள் சொன்ன அதே திடலில், செடியும் தண்ணீரும் வந்த பிறகு சண்டை சச்சரவு குறைந்தது; ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் கலந்து விளையாடினார்கள். யாரும் உட்கார வைத்து நன்னெறி போதிக்கவில்லை. ஒரே பந்துக்கு நூறு பேர் அடித்துக்கொள்ள வேண்டிய நிலை மாறி, ஆளுக்கொரு மூலையும் ஆளுக்கொரு வேலையும் கிடைத்தன, அவ்வளவுதான். வகுப்பும் அடிக்கடி வெளியே வந்தது. குளத்து நீரை அளந்தால் கணக்கு, பார்த்ததை எழுதினால் மொழிப்பாடம், தவளை முட்டையைக் கவனித்தால் அறிவியல்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு அதே 1971ல் ஒரு விளக்கம் வந்தது. எழுதியவர் சைமன் நிக்கல்சன். சிற்பி பார்பரா ஹெப்வொர்த்துக்கும் ஓவியர் பென் நிக்கல்சனுக்கும் மகன். ஓர் இடத்தில் நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் மாற்றவும் கூடிய பொருட்கள் எவ்வளவு அதிகமாகவும் எத்தனை வகையாகவும் இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு அங்கே கற்பனையும் கண்டுபிடிப்பும் நடக்கும் என்பது அவர் வாதம். படைப்புத்திறன் சில பேருக்கு மட்டும் வாய்த்த வரம் என்பதை அவர் ஒப்பவில்லை. வடிவமைப்பவர்களே எல்லா விளையாட்டையும் விளையாடி முடித்துவிட்டு, முடிந்துபோன பொருளைப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள் என்று கோபப்பட்டார். அந்தக் கோபம் நியாயமானது.

நம் பூங்காக்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஃபைபரில் செய்த காளான் குடை, சிமென்ட் மான், மரப்பட்டை போல வண்ணம் அடித்த கம்பித் தூண், கீழே பச்சை நிற ரப்பர் விரிப்பு. ‘இயற்கைச் சூழல் பூங்கா’ என்று பலகையும் மாட்டியிருப்பார்கள். ஒரு சின்ன ஊர்ப் பூங்காவில் மாலை நேரம் உட்கார்ந்திருந்தேன். சிமென்ட் யானையின் முதுகில் ஒரு முறை ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டதும் பிள்ளைகளுக்கு அது தீர்ந்துபோனது. அத்தனை பேரும் கூடியது செடிக்குத் தண்ணீர் விடும் குழாயடியில். வாஷர் தேய்ந்து ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீரை ஒரு சிறுமி குதிகாலால் வாய்க்கால் கீறித் திருப்பினாள். இன்னொருத்தி ஐஸ்க்ரீம் குச்சிகளை நட்டு அணை கட்டினாள். அணை உடைந்தது. இருவரும் குனிந்து, எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று பார்த்தார்கள். அடுத்த தடவை குச்சிக்குப் பின்னால் சரளைக்கல்லை அண்டக் கொடுத்தார்கள். காவலாளி விசில் ஊதி விரட்டும் வரை நடந்தது இது. பல லட்சம் செலவழித்துப் பூங்கா கட்டியவர்கள் யோசிக்காத ஒன்றை, ஒழுகும் குழாய் கொடுத்துவிட்டது.

இயற்கையைப் போலத் தோன்றும் பொருள் வேறு, இயற்கைப் பொருள் வேறு. சிமென்ட் மரத்தில் இலை உதிராது, பூ பூக்காது, எறும்பு ஏறாது. பூவரசமரம் ஒன்றை நட்டால், இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதலாம், காயைப் பம்பரமாகச் சுற்றலாம். குல்மோகர் மொட்டைப் பிரித்து, கேசரத்தோடு கேசரம் மாட்டி இழுத்து, யார் தலை முதலில் விழுகிறது என்று சேவல் சண்டை விடலாம். புளியங்கொட்டை, மஞ்சாடி விதை, பனங்காய் வண்டி, ஓலைக் காற்றாடி இவையெல்லாம் நிக்கல்சன் சொன்ன பொருட்கள்தான். இவற்றுக்கு டெண்டர் விட வேண்டியதில்லை.

பாடம் என்று தனியே ஒன்றும் எழுதி வைக்கவும் தேவையில்லை. மழை படாத இடத்தில், மெல்லிய உலர்ந்த மணலில், புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் குழியானை என்றால் தெரியும். ஓர் எறும்பு குழியின் விளிம்பில் கால் வைத்தால் மணல் சரியும். எறும்பு ஏறப் பார்க்கும். அடியில் புதைந்திருக்கும் புழு, தலையால் மணலை வாரி எறிந்து அதை இன்னும் கீழே சரிய வைக்கும். கடைசியில் இரண்டு கொடுக்கு மட்டும் வெளியே வந்து கவ்விக்கொள்ளும். அந்தப் புழுதான் பின்னர் தட்டான் போன்ற இறக்கையோடு பறக்கும் என்று யாராவது சொன்னால், கேட்ட பிள்ளை நம்பாமல் வாரக்கணக்கில் காத்திருந்து பார்க்கும். உணவுச் சங்கிலி என்று சுவரில் அம்புக்குறி போட்டு வரைந்து வைத்தால் இந்தக் காத்திருப்பு வருமா? கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நான்கு நட்டு வைத்தால் போதும், வண்ணத்துப்பூச்சி தானே தேடி வந்து முட்டையிடும். குஞ்சுப் புழு பார்வைக்குக் காக்கை எச்சம் போலவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளையின் கண், அதற்குப் பிறகு எந்தச் செடியையும் சும்மா கடந்து போகாது.

மண் ஆகாது, கிருமி என்று பயப்படும் பெற்றோருக்காக ஓர் ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். ஃபின்லாந்தின் லஹ்தி, தம்பேரே நகரங்களில் குழந்தைகள் காப்பகங்கள் சிலவற்றின் முற்றத்தில், காட்டுத் தரையைப் பாசியோடும் குறுஞ்செடிகளோடும் அப்படியே கொண்டுவந்து பதித்தார்கள். புல்தரையும் செடித் தொட்டிகளும் வைத்தார்கள். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் 28 நாட்கள் அதில் விளையாடினார்கள். அவர்கள் தோலில் வாழும் நுண்ணுயிர் வகைகள் பெருகியிருந்தன. ரத்தத்தில் நோயெதிர்ப்பைச் சீராக வைக்கும் அறிகுறிகள் கூடியிருந்தன. சரளை முற்றத்திலேயே விளையாடிய பிள்ளைகளிடம் இந்த மாற்றம் இல்லை. ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 75 பிள்ளைகள்தான். அதனால் ஒவ்வாமையே வராது, ஆஸ்துமாவே வராது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் மண்ணைத் தொடுவதே நோய் என்று சொல்பவர்கள் 2020ல் வெளியான அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பேசலாம்.

நம் ஊரில் இதைச் செய்வதென்றால் நிழலில் இருந்துதான் தொடங்க வேண்டும். சித்திரை வெயிலில் ரப்பர் விரிப்பிலும் இரும்புச் சறுக்கிலும் பகலில் தொட முடியாத சூடு. புங்கனும் வேம்பும் வளரச் சில வருடம் பிடிக்கும். அதுவரை மூங்கில் பந்தல் போட்டு அவரையோ சங்குப்பூக் கொடியோ ஏற்றிவிடலாம். பிள்ளை புகுந்து வரும் குகையாகவும் அது ஆகும். சறுக்கு வேண்டுமென்றால் தூண் நட்டு உயரத்தில் வைக்காமல், ஏரி தூர்வாரிய மண்ணைக் குவித்து மேடாக்கி, மேட்டின் சரிவிலேயே பதித்துவிடலாம். பிள்ளை பக்கவாட்டில் விழுந்தாலும் கையளவு உயரத்திலிருந்து புல்மேல்தான் விழும். மண்மேட்டையே விளையாட்டுக் கருவியாக்கும் எண்ணத்தை இசாமு நொகுச்சி என்ற சிற்பி 1933லேயே நியூயார்க் நகருக்குச் சொன்னார். நகரம் ஏற்கவில்லை. அவர் 1988ல் இறந்த பிறகு, 2005ல் முழுமையாகத் திறக்கப்பட்ட ஜப்பானின் மொயெரெனுமா பூங்காவில் அந்த மேடு எழுந்து நிற்கிறது. அதுவும் குப்பை கொட்டிய நிலத்தில்.

தண்ணீருக்கு ஓர் அடிபம்பு, அதிலிருந்து பிளந்த மூங்கில் வாய்க்கால், முடிவில் ஒரு மணல் பரப்பு. ஆழம் கணுக்காலைத் தாண்டக் கூடாது. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரமாவது ஆகும். தினமும் மாலையில் தண்ணீரை மரத்தடிக்கு வடியவிட்டால் அந்தக் கவலை இல்லை. மணலை நாய், பூனை அசுத்தம் செய்யாதபடி இரவில் வலை போட்டு மூட வேண்டும், காலையில் வாரியால் கிளற வேண்டும். புயலில் சாயும் மரங்களை வெட்டி லாரியில் ஏற்றுவதுதான் வழக்கம். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்த ஆயிரக்கணக்கான மரங்களில் நூறு அடிமரங்களைப் பூங்காக்களில் படுக்கப் போட்டிருந்தால், ஒரு தலைமுறை அதில் ஏறி நடந்திருக்கும். பாதி மண்ணில் புதைத்துப் போட்டால் உருளாது. தேள், பூரான் ஒதுங்கும் இடுக்கும் குறையும்.

எந்தச் செடியை நடக்கூடாது என்பதில் மட்டும் சமரசமே கூடாது. அரளியின் எந்தப் பாகமும் விஷம். ஆனால் பராமரிப்பு குறைவு என்பதால் பூங்கா ஓரமெல்லாம் அதுதான். காட்டாமணக்கு விதையைக் கடலை என்று நினைத்துத் தின்ற பள்ளிப் பிள்ளைகள் வாந்தியோடு ஆஸ்பத்திரிக்கு வந்த செய்தி நம் செய்தித்தாள்களுக்குப் புதிதல்ல. குண்டுமணி, ஊமத்தை, ஆமணக்கு, பார்த்தீனியம் எல்லாவற்றையும் வேரோடு களைய வேண்டும். பிள்ளை கண்ணால் பார்த்து, முடியுமா முடியாதா என்று தானே எடை போடக்கூடிய ஆபத்து, அதாவது கிளையின் உயரம், கல்லின் வழுக்கல், இருக்கட்டும். பிள்ளைக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் ஆபத்தான விஷ விதை, உளுத்த கொம்பு, துருத்திய ஆணி ஆகியவற்றை நீக்குவது பெரியவர்கள் பொறுப்பு. இப்போது நாம் தலைகீழாகச் செய்கிறோம். கிளையில் ஏறுபவனை இறக்கிவிட்டு, வேலியோரம் அரளி வளர்க்கிறோம்.

இத்தனையும் நிற்பது ஓர் ஆளின் மேல். எம்ட்ருப்பில் ஜான் பெர்டெல்சன் என்ற ஆசிரியர் தினமும் பிள்ளைகளோடு இருந்தார் என்பதைப் போன வாரமே சொன்னேன். பெர்க்லியில் பல்கலைக்கழகமும் பள்ளியும் ஊராரும் தோள் கொடுத்தார்கள். செடி காயும், மணல் அழுக்காகும், கிளை உளுக்கும். தினமும் பார்ப்பவர் இல்லாவிட்டால் எந்த இயற்கைத் திடலும் ஒரே வருடத்தில் புதர்க்காடு. நம்மிடம் அந்த ஆள் இல்லாமல் இல்லை. விசிலோடு நிற்கும் காவலாளிக்கும், தண்ணீர் விடும் தோட்டக்கார அம்மாவுக்கும் செடியைப் பற்றி வடிவமைப்பாளரைவிட அதிகம் தெரியும். ஆனால் விரட்டுவதற்கு மட்டும்தான் அவர்களுக்குச் சம்பளம். குறைந்த கூலி, ஒப்பந்த வேலை, மாதா மாதம் நிச்சயமில்லை. விளையாட்டுக்குத் துணை நிற்பது ஒரு வேலை என்று ஏற்று, அதற்குப் பயிற்சியும் கௌரவமான ஊதியமும் கொடுக்காதவரை, நாம் எத்தனை வரைபடம் போட்டாலும் பயனில்லை.

உங்கள் ஊரில் பூங்காவோ அங்கன்வாடி முற்றமோ புதிதாக வருகிறது என்றால், தளம் போடும் முன்பே பேச வேண்டும். நகரமானால் வார்டு உறுப்பினரைப் பாருங்கள். கிராமமானால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். நிலத்தில் பாதியை மண்ணாகவே விடச் சொல்லுங்கள். கருவி வாங்கும் தொகையில் ஒரு பங்கை, அந்த மண்ணைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் ஊதியத்துக்கு ஒதுக்கித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். திடல் அவர்களுடையது, அவர்களையும் பேசவிடுங்கள்.