ஈரலுக்குப் பரவினாலும் வழி உண்டு



குடல் புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னதுமே, "கத்தி பட்டா இன்னும் பரவிடும், வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடலாம்" என்று முடிவு கட்டும் குடும்பங்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். கத்தி பட்டால் பரவும் என்பது வீண் பயம்.

குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. அதோடு புற்றணுக்களும் போய் அங்கே தங்கிவிடுகின்றன. ஆனால் ஈரலுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. நல்ல ஈரலில் முக்கால் பங்கு வரை வெட்டி எடுத்தாலும், மீதிக் கால் பங்கு சில மாதங்களில் பெருத்து வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

டாக்டர்கள் ஆளைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பார்கள். சிலருக்குக் குடலையும் ஈரலையும் ஒரே ஆப்பரேஷனில் முடிப்பார்கள். குடல் அடைத்துக்கொண்டால் முதலில் குடல், பிறகு ஈரல். ஈரலில் நோய் அதிகமென்றால் ஈரலே முதலில். கட்டி பெரிதானால் கீமோ மருந்து கொடுத்துச் சுருக்கிய பிறகு வெட்டுவார்கள். 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு கட்டிகளை ஊசி செலுத்திச் சூட்டினால் கருக்குவதும் உண்டு.

மீதி ஈரல் போதாது என்றால்? வெட்டப்போகும் பக்கத்துக்குப் போகும் இரத்தக் குழாயை அடைத்துவிடுவார்கள். 4 முதல் 6 வாரத்தில் மறுபக்கம் வளர்ந்துவிடும். அப்புறம் ஆப்பரேஷன்.

எல்லாருக்கும் இது முடியாது. திரும்ப வருவதும் உண்டு. ஆனாலும் ஈரல் கட்டியை முழுதாக எடுத்தவர்களில் 100க்குச் சுமார் 40 பேர் 5 ஆண்டுக்கு மேல் வாழ்கிறார்கள். ஆகவே டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள்: "ஐயா, ஈரல் ஆப்பரேஷன் செய்யிற டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தாரா?" நம் நாட்டில் செலாயாங் மருத்துவமனையில் இதற்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது.

ஆப்பரேஷனுக்குக் காத்திருப்பவர் தண்ணியையும் சிகரெட்டையும் அடியோடு விடவேண்டும். மீதி ஈரல்தான் உயிரைக் காக்கப்போகிறது. நாட்டு மருந்து சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சில மருந்து ஈரலைக் கெடுக்கும்.

நோய் ஈரலுக்குப் போகுமுன்னே பிடிப்பது இதைவிட மேல். 50 வயது ஆனவர்கள் அரசாங்க கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மலத்தில் இரத்தம் கண்டால், எந்த வயதானாலும், "மூலம்தானே" என்று மூடி வைக்காதீர்கள். வெட்கப்படாமல் வந்து காட்டுங்கள்.