ரோகிணிக் கொத்தின் வயது ஏன் கூடியது?

மார்கழி இரவு பத்து மணிக்கு, விக்கிரவாண்டியில் நெடுஞ்சாலை வெளிச்சத்தை விட்டு வயல் பக்கம் வந்தால், ரோகிணி ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். அதற்குப் பின்னால், சுமார் 150 ஒளியாண்டு தொலைவில், ஆப்பு வடிவில் தெரிவது ஹையடீஸ் நட்சத்திரக் கொத்து.

ஒரு கொத்தின் நட்சத்திரங்கள் ஒரே காலத்தில் பிறந்தவை. கனமானவை முதலில் எரிபொருள் தீர்ந்து வீங்கும். இன்னும் வீங்காதவற்றில் மிகப் பிரகாசமானது எது என்று பார்த்தே வயதைக் கணிக்கிறார்கள். இங்கேதான் சுழற்சி குறுக்கிடுகிறது.

ஐப்பசி மாலையில் தெரியும் திருவோணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் தன்னைத்தானே ஒரு முறை சுற்ற ஏறக்குறைய 25 நாள் ஆகும். திருவோணத்துக்கு 10 மணி நேரம்கூட வேண்டாம். அந்த வேகத்தில் அதன் நடுப்பகுதி சுமார் 20 சதவீதம் புடைத்து, குளிர்ந்து, மங்கியிருக்கிறது, துருவங்கள் சுடர்கின்றன. நம் பக்கம் திரும்பியிருப்பது துருவமா நடுப்பகுதியா என்பதைப் பொறுத்து இத்தகைய நட்சத்திரத்தின் நிறமும் ஒளியும் மாறித் தெரியும்.

இதைவிட வியப்பானது உள்ளே நடப்பது. வேகமான சுழற்சி, வெளியே உள்ள ஹைட்ரஜனைக் கலக்கி மையத்துக்குக் கொண்டுபோகிறது. நட்சத்திரத்தின் ஆயுள் நீள்கிறது. முதிர்ந்தது இளமையாகத் தெரிகிறது.

இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ராஜமோகன், ஆல்ஃபா பெர்சி நட்சத்திரக் கொத்தில் சுழற்சி நிறத்தை எப்படி மாற்றுகிறது என்று 1980களின் இறுதியிலேயே ஆராய்ந்தார். 2015இல் வானியலாளர்கள் டிமோதி பிராண்ட், செல்சி ஹுவாங் இருவரும் சுழற்சியையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 60–65 கோடி ஆண்டுகள் என்றிருந்த ஹையடீஸின் வயது 75–80 கோடியானது.